அன்றாடப் புதுமைகள்: தச்சர் தந்த டிக்கட்

சென்ற திங்கள் இப்பகுதியில் ஊக்கின் கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த தாய்மார் சிலர், நம் சங்கத்தின் நவராத்திரிக் கொலுவுக்கு வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டனர். "ஊக்கைப் பற்றி எழுதுகிறீர்கள், குடையைப் பற்றி எழுதுகிறீர்கள். நாள்தோறும் சாளரத்துக்குள் அமர்ந்து நீங்கள் விற்கிறீர்களே டிக்கட், அதைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியதுண்டா?" என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. எல்லாவற்றையும் காணும் கண் தன் இமையைக் காண்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்துவிட்டேன்.

அன்றிரவு வீட்டிற்கு வந்ததும் பரண்மேல் இருந்த பழைய தகரப் பெட்டியை இறக்கினேன். அது என் தந்தையாரின் பெட்டி. அவரும் புகைவண்டி நிலையத்தில் டிக்கட் விற்ற குமாஸ்தாவே. பெட்டியினுள் ஒரு சிறிய அட்டைத் துண்டு இருந்தது. எட்டு வயதான என் மகள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது எந்த விளையாட்டின் சீட்டு?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது; சற்று வருத்தமும் வந்தது. தாத்தாவின் சோறும் என் படிப்பும் இந்த அட்டையில்தான் விளைந்தன என்பதை அக்குழந்தை எவ்வாறு அறியும்? அவள் கண்ட டிக்கட்டெல்லாம் இயந்திரம் கக்கும் மெல்லிய தாளும், செல்பேசியின் திரையில் தோன்றும் எழுத்துமே. ஆகவே இத்திங்கள் அந்த அட்டையின் வரலாற்றையே வாசக அன்பர்களுக்குச் சொல்லத் துணிந்தேன்.

அட்டையின் நீளம் இரண்டேகால் அங்குலம். அகலம் ஒன்றேகால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. இந்த அளவை வகுத்தவர் பெரிய பொறியியல் மேதை அல்லர். அவர் ஒரு தச்சர். கடன்பட்டு நொடித்துப்போன தச்சர்.

அவர் பெயர் தாமஸ் எட்மன்சன். இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள லாங்காஸ்டர் நகரில் 1792-ஆம் ஆண்டு பிறந்தவர். குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். கில்லோ என்ற பெயர்பெற்ற மரச்சாமான் நிறுவனத்தில் தச்சுவேலை பழகினார். சிறு வயது முதலே அவருக்குப் பொறிகளில் நாட்டம் மிகுதி. வெண்ணெய் கடையும் மத்தும் குழந்தையின் தொட்டிலும் ஒரே அசைவில் இயங்குமாறு ஒரு கருவி செய்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. ஒரு கையால் கடைந்துகொண்டு மறு கையால் தொட்டில் ஆட்டிய தாய்மார் அவரை வாழ்த்தியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

பின்னர் கார்லைல் நகரில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். தொழில் கைகொடுக்கவில்லை. கடன் பெருகியது, திவாலானார். நாற்பது வயதைக் கடந்தபின் உளியை வைத்துவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டிய நிலை வந்தது. அப்போது புதிதாகப் போடப்பட்டுக்கொண்டிருந்த நியூகாசில்–கார்லைல் ரயில்பாதையில், மில்ட்டன் என்னும் சிற்றூரின் நிலையப் பொறுப்பு 1836-ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்தது.

அந்நாளில் புகைவண்டி உலகுக்குப் புதிது. ஆனால் டிக்கட் கொடுக்கும் முறையோ குதிரை வண்டிக் காலத்துப் பழைய முறை. பயணி வந்து நின்றதும் குமாஸ்தா பேனாவை எடுப்பார். ஊர், கட்டணம், நாள் முதலிய விவரங்களை ஒவ்வொரு பயணிக்கும் தாளில் எழுதிக் கிழித்துக் கொடுப்பார். நாலைந்து பேர் ஏறும் குதிரை வண்டிக்கு அது போதும்; நூறு பேர் ஏறும் புகைவண்டிக்குப் போதுமா? எழுதி முடிப்பதற்குள் வண்டி வந்துவிடும். கூட்டம் கூச்சலிடும்.

காலதாமதம் ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எத்தனை பேருக்கு டிக்கட் எழுதினோம், எவ்வளவு பணம் வாங்கினோம் என்பதற்குக் குமாஸ்தாவின் சொல்லையன்றி வேறு உறுதியான சான்று இல்லை. கையில் வாங்கிய காசைக் கணக்கில் காட்டாதவனைப் பிடிக்க வழியில்லை. அதுபோலவே, கணக்கைச் சரியாகக் காட்டியவனும் தன் நேர்மையை மெய்ப்பிக்க வழியில்லை. ஒருமுறை திவாலாகி ஊரார் முன் தலைகுனிந்து நின்ற எட்மன்சனுக்கு இந்த இரண்டாவது குறை எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஒருநாள் வயல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு முழு யோசனையும் ஒருசேர உதித்ததாகச் சொல்வர். பிற்காலத்தில் ஒரு நண்பரை அழைத்துச் சென்று அந்த இடத்தையே காட்டினாராம். யோசனை மிக எளியது. பயணி வந்தபின் எழுதுவது ஏன்? வருமுன்பே அச்சிட்டு வைத்தால் என்ன? அச்சிட்ட ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தால் என்ன?

அட்டையை ஒரே அளவாக வெட்டினார். மரச்சட்டத்தில் எழுத்தை அமைத்து அச்சிட்டார். எண்ணை முதலில் கையாலேயே எழுதினார். பின்னர் எண்ணையும் சேர்த்து அச்சிடப் பொறி அமைத்தார். 0000 தொடங்கி 9999 வரை, பத்தாயிரம் டிக்கட் ஒரு வரிசை. கார்லைல் நகரத்துக் கடிகாரக் கம்மியர் ஜான் பிளேலாக் என்பவர் துணையுடன், அட்டையைச் செருகியவுடன் அதன்மேல் தேதியைப் பதிக்கும் சிறு இயந்திரமும் உருவாயிற்று. நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த இயந்திரத்தின் 'டக்' என்ற ஓசை இன்னும் காதில் இருக்கும். ஊருக்குப் போகிறோம் என்பதை நமக்கு முதலில் அறிவித்தது அந்த ஓசையே அன்றோ?

அட்டைகளை எண் வரிசைப்படி ஒரு குழாயில் அடுக்கி வைப்பர். அடியிலிருந்து ஒன்றை உருவினால் அடுத்தது தானே கீழிறங்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குழாய். வகுப்பையும் பயணத்தின் வகையையும் அட்டையின் நிறத்தாலும் கோடுகளாலும் வேறுபடுத்தினர். எழுத்தறியாதவரும் தம் கையில் இருப்பது இன்ன டிக்கட் என்று அறிய அது உதவியது. குழந்தைக்கு அரை டிக்கட் என்றால் அட்டையின் ஒரு மூலையை வெட்டிக் கொடுப்பர். வெட்டிய துண்டையும் எறிவதில்லை. அதுவும் கணக்குக்குச் சான்று.

இனி இதன் நுட்பத்தைப் பாருங்கள். காலையில் வேலை தொடங்கும்போது குழாயின் அடியில் உள்ள எண் 4127 என்று வைத்துக்கொள்வோம். வண்டி புறப்பட்டபின் அடியில் உள்ள எண் 4163. எத்தனை டிக்கட் விற்றது? என் மகளைக் கேட்டேன். விரலை மடக்கி நீட்டி, "முப்பத்தாறு" என்றாள். ஒரு டிக்கட் 12 ரூபாய் என்றால் பெட்டியில் 432 ரூபாய் இருக்கவேண்டும். ஒரு ரூபாய் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எட்டு வயதுக் குழந்தை செய்யும் ஒரு கழித்தலும் ஒரு பெருக்கலும் ஒரு நிலையத்தின் கணக்கையே காத்து நிற்கின்றன.

மில்ட்டனில் எட்மன்சன் செய்த வேலையை அவருடைய கம்பெனி பெரிதாக எண்ணவில்லை. மாஞ்செஸ்டர்–லீட்ஸ் ரயில்வே கம்பெனியார் அதன் அருமையை உணர்ந்து 1839-இல் அவரை அழைத்துக்கொண்டனர். பிறகு மற்றக் கம்பெனிகளும் அம்முறையை நாடி வந்தன. அவர் கேட்ட உரிமைத்தொகை என்ன தெரியுமா? பாதையின் ஒரு மைலுக்கு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங். முப்பது மைல் பாதை உடைய கம்பெனி ஆண்டுக்குப் பதினைந்து பவுன் செலுத்தினால் போதும். எத்தனை டிக்கட் வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம். 1842-இல் இங்கிலாந்தில் பல கம்பெனிகளுக்கும் பொதுவான கணக்கு நிலையம் ஒன்று அமைந்தது. ஒரே டிக்கட்டில் பல கம்பெனிகளின் பாதைகளில் பயணி செல்லும்போது, வந்த பணத்தைப் பிரித்துக்கொள்ள இந்த எண்ணிட்ட அட்டைகள் பெரிதும் உதவின.

கையில் பணம் சேர்ந்ததும் எட்மன்சன் செய்த காரியந்தான் என் நெஞ்சைத் தொட்டது. திவாலானபோது தீர்க்க முடியாமற்போன கடன்களையெல்லாம் கடன் கொடுத்தவர்களுக்கு முழுமையாகத் திருப்பிக் கொடுத்தார். 1851-ஆம் ஆண்டு காலமானார். அவர் மறைந்த இரண்டாம் ஆண்டில், 1853 ஏப்ரல் 16-ஆம் நாள், பம்பாயிலிருந்து தாணாவுக்கு நம் நாட்டின் முதல் பயணிகள் வண்டி ஓடியது. 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் பயணிகள் வண்டி புறப்பட்டது. அவருடைய அட்டை நம் நாட்டிலும் வேரூன்றி, நூற்றாண்டுக்கு மேல் நம் மக்களின் கைகளில் புழங்கியது.

இனி என் தந்தையாரின் அட்டைக்கு வருகிறேன். அவர் மத்திய இந்தியாவில் ஒரு சிறு நிலையத்தில் பணிபுரிந்தார். எந்த நிலையம், யார் மேலதிகாரி என்பன இங்கே வேண்டாம். அப்பகுதியில் கட்டட வேலைக்கு வந்திருந்த நம் மக்கள் பலர் இருந்தமையால், சென்னைக்கு அச்சிட்ட அட்டை டிக்கட் அச்சிறு நிலையத்திலும் உண்டு.

1998-ஆம் ஆண்டு ஆவணி மாதம். விடாத மழை. எனக்கு வயது ஒன்பது. அன்று மாலை வண்டி போனபின் கணக்குப் பார்த்தபோது, சென்னைக் குழாயில் எண் கணக்கின்படி இருக்கவேண்டிய பணத்தில் ஒரு டிக்கட்டின் விலை குறைந்தது. மழை ஈரத்தில் அட்டைகள் ஒட்டிக்கொள்வதுண்டு. கூட்டத்தின் அவசரத்தில் யாருக்கோ ஓர் அட்டை கூடுதலாகப் போயிருக்கவேண்டும் என்று தந்தையார் ஊகித்தார். குறைந்த பணத்தைத் தம் கையிலிருந்து கட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். அரிசிப் பானையில் அம்மா ஒளித்து வைத்திருந்த பணம் வெளியே வந்தது.

ஆனால் அன்று பார்த்து, முன்னறிவிப்பின்றிக் கணக்கைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்திருந்தார். பணத்தைக் கட்டியதோடு அவர் விடவில்லை. "இன்று ஒன்று அகப்பட்டது. அகப்படாதவை எத்தனையோ!" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். எழுத்து மூலம் விளக்கமும் கேட்டார். அன்றிரவு தந்தையார் இலை முன் அமர்ந்து, சோற்றைத் தொடாமலே எழுந்துவிட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்கு விவரம் புரியவில்லை. ஆனால் மறுநாள் முதல், குடியிருப்பில் என்னோடு விளையாடிய பையன்களின் பார்வை மாறியது மட்டும் புரிந்தது.

மூன்று வாரம் கழிந்தது. ஒருநாள் காலையில் கொத்து வேலை செய்யும் ஒருவர் சாளரத்தின்முன் வந்து நின்றார். வேட்டி முடிச்சை அவிழ்த்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

"ஐயா, அன்னைக்கு ரெண்டு டிக்கட்டுக்குத்தான் காசு கொடுத்தேன். நீங்க மூணு கொடுத்துட்டீங்க. வண்டியிலே சோதிக்க வந்தவர்தான் சொன்னார், ஒண்ணு கூட இருக்குன்னு. எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டு நேத்துத்தான் வந்தேன். இது உங்களோடது."

தந்தையார் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு, நிலைய அதிபரிடம் ஓடினார். அட்டையில் பதிந்திருந்த தேதி அந்த மாலையின் தேதி. அதன் எண், அவ்வண்டிக்கு எழுதிய தொடக்க எண்ணுக்கும் முடிவெண்ணுக்கும் இடையே சரியாக அமைந்திருந்தது. பரிசோதகர் இட்ட துளை அதில் இல்லை. நிலைய அதிபர் அந்த மனிதர் சொன்னதை எழுதிப் பெருவிரல் ரேகையும் பெற்று மேலிடத்துக்கு அனுப்பினார்.

கட்டிய பணம் திரும்பவில்லை. நாள் கடந்த டிக்கட்டுக்குப் பணம் ஏது? மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதி எச்சரித்திருந்தனர். அது உண்மையே. தந்தையார் அதை மறுக்கவில்லை. ஆனால் 'நாணயக்குறைவு' என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல் இல்லாமற்போனதற்காக அன்று எங்கள் வீட்டில் அம்மா பாயசம் வைத்தார். விசாரணை முடிந்து, சிவப்பு மையால் குறுக்குக் கோடிடப்பட்டு மதிப்பிழந்துவிட்ட அந்த அட்டையை நிலைய அதிபர் தந்தையாரிடமே கொடுத்துவிட்டார். பெட்டியில் இருப்பது அதுவே.

அந்த மனிதரின் பெயரை நாங்கள் கேட்டு வைக்கவில்லையே என்று தந்தையார் பல நாள் வருந்தினார். ரேகை பதித்த தாளில் பெயர் இருந்திருக்கும். அத்தாளோ மேலிடம் போய்விட்டது. அவர் மனத்தின் நேர்மை முதற்சான்று, அதில் ஐயமில்லை. ஆனால் அட்டையில் எண் இல்லாதிருந்தால், அவர் சொல்லையும் என் தந்தையாரின் சொல்லையும் யார் நம்பியிருப்பர்? இருவரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டனர் என்று சொல்லியிருக்கமாட்டார்களா? எழுத்தறியாத தொழிலாளி ஒருவரின் உண்மைக்கும், ஏழைக் குமாஸ்தா ஒருவரின் உண்மைக்கும், நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் எங்கோ ஒரு வயல்வெளியில் நடந்த தச்சர் சாட்சி சொன்னார்.

2008-இல் தந்தையார் பணியில் இருக்கும்போதே மாரடைப்பால் காலமானார். பத்தாம் வகுப்புத் தேறியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் அவர் வேலை கிடைத்தது. முதல் நாள், தந்தையாரின் நண்பர் ஒருவர் என்னைச் சாளரத்தின்முன் அமர்த்தி, "உன் அப்பா எப்போதும் சொல்வதைச் சொல்கிறேன். முதலில் எண்ணைக் குறி, பிறகு பணத்தைத் தொடு" என்றார். அதைவிடச் சிறந்த பாடத்தை எந்தப் பள்ளியிலும் நான் படித்ததில்லை.

காலம் மாறிவிட்டது. 1986-இல் புதுதில்லியில் கணிப்பொறி வழி முன்பதிவு தொடங்கியது. முன்பதிவில்லாத டிக்கட்டும் 2002 முதல் கணிப்பொறிக்கு மாறத் தொடங்கியது. இங்கிலாந்தின் தேசிய ரயில்வே 1990-இலேயே அட்டைக்கு விடை கொடுத்துவிட்டது. அங்கே பழம்பெருமைக்காக ஓட்டும் சில சிறு பாதைகளில் இன்னும் அவ்வட்டையை விற்கிறார்கள். நாகபுரியில் இன்று நான் அமரும் சாளரத்தில் குழாயும் இல்லை. 'டக்' ஓசையும் இல்லை.

ஆயினும் அன்பர்களே, ஒன்றைச் சொல்கிறேன். இயந்திரம் அச்சிடும் அந்தத் தாள் சுருளை வெற்றுத்தாள் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் உரிய எண் அச்சகத்திலேயே அதில் பதிந்து வருகிறது. அந்த எண்ணைப் பதிந்த பின்பே நான் வேலை தொடங்குகிறேன். கிழிந்து வீணான சீட்டுக்கும் கணக்குக் காட்டுகிறேன். அட்டை போயிற்று; எண் போகவில்லை. உடல் மாறி உயிர் நிலைத்தது என்றுதான் இதைச் சொல்லவேண்டும்.

கணக்குமுறை என்றால் திருடனைப் பிடிக்கும் பொறி என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மை. நேர்மையானவனைப் பழியிலிருந்து காக்கும் கவசமும் அதுவே. இதை நம் இல்லங்களிலும் கைக்கொள்ளலாம். என் வீட்டில் பால்காரரோடு மாதந்தோறும் எத்தனை படி என்ற வழக்கு இருந்தது. என் மனைவி அட்டையை வெட்டி ஒன்று முதல் அறுபது வரை எண்ணிட்டு வைத்தாள். ஒரு படிக்கு ஒரு சீட்டு. மாதக் கடைசியில் அவர் சீட்டுகளைத் தருகிறார். நாங்கள் பணத்தைத் தருகிறோம். ஆறு மாதமாக வீட்டில் அமைதி நிலவுகிறது. பால்காரரே பக்கத்து வீட்டாருக்கும் இம்முறையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு விரைவில் நன்கொடை திரட்டப் போகிறோம். சென்ற ஆண்டு எழுந்த மனத்தாங்கலை எல்லோரும் அறிவோம். யாரையும் குறை கூற இதை நான் எழுதவில்லை. இவ்வாண்டு எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் அச்சிட்டுத் தரவேண்டும் என்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். வீடு தேடி வரும் இளைஞரிடம் ரசீது கேட்கத் தயங்காதீர்கள். "நம் பிள்ளையிடம் ரசீது கேட்பதா?" என்று நாணவேண்டாம். நீங்கள் கேட்பது அவரை ஐயுற்று அன்று; நாளை அவர்மேல் ஒரு சொல் விழாமல் காப்பதற்கே.

எழுதி முடித்தபின் அட்டையை மீண்டும் பெட்டியில் வைக்கப் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இதன் எண்ணை என் நோட்டில் எழுதிக்கொள்ளட்டுமா?"

"எழுதிக்கொள்" என்றேன். எழுதிக்கொண்டாள். அதன் பிறகே பெட்டியை மூடினேன்.

அடுத்த திங்கள்: வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி.